சிவப்புப் பிளனலில் சுற்றிய செங்கல்

மச்சாள்,

இன்று பின்னேரம் செங்கல்லைக் கொஞ்சம் கூடுதலாகச் சுடவைத்துவிட்டேன். அடுப்பிலிருந்து இடுக்கியால் தூக்கிச் சிவப்புப் பிளனல் துணியில் சுற்றிய கையோடு அதன் ஒரு மூலை கருகிப்போயிற்று. மணம் குசினி முழுக்கப் பரவியது. நனைந்த நாய் அடுப்பங்கரையில் காய்கிற மாதிரி இருக்கிறது என்று நான் மூக்கைப் பொத்துவேன்; "போடி, இதுதான் எங்கட வீட்டு மணம்" என்று நீ சிரிப்பாயே, அதே மணம். இடுக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அறைக்குள்ளிருந்து அம்மா, "என்னடி அங்க கருகுது?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை அம்மா" என்றேன். இந்த வீட்டில் நான் அடிக்கடி சொல்லுகிற பதில் இப்போது அதுதான்.

நாங்கள் இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறோம். உன்னைக் கல்லறையில் கொண்டுபோய் வைத்த பிறகு அண்ணனுக்குக் கொட்டாஞ்சேனை வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்துவிட்டார். மார்கழி மழையும் கடற்காற்றும் சேர்ந்து அடிக்கிறபோது அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே விறைத்துப்போகிறது. எழும்பி நடக்க ஏலாது. சூட்டுக்கு வேறு வழி எனக்குத் தெரியாது. உன் வழிதான் தெரியும். கொழும்பிலே குளிரா என்று உன்னைக் கேட்டுச் சிரித்த வாயால், நானே இப்போது தினமும் செங்கல் சுடுகிறேன். நீ பார்த்தால் வயிறு பிடித்துச் சிரிப்பாய். பார்க்கமாட்டாய், அதுதான் வயிற்றெரிச்சல்.

நீ என் அண்ணனைக் கட்டிவந்தபோது உன் கலியாணப் பெட்டியைத் திறந்து காட்டிய நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடும். அயலட்டை முழுக்க எங்கள் விறாந்தையில். நீ அம்மாவின் அண்ணன் மகள், நுவரெலியாத் தோட்டமொன்றில் கிளாக்கராயிருந்தவரின் பெண். என்ன கொண்டுவந்திருப்பாய் என்று பார்க்கக் கழுத்துகள் நீண்டன. சேலைகள் வந்தன, பின்னல் வைத்த தலையணை உறைகள் வந்தன, வெள்ளி முலாம் பூசிய கரண்டிகள் வந்தன. அடியிலே பாரமாக ஒன்று, சிவப்புத் துணியில் சுற்றி. நகைப்பெட்டியாக்கும் என்று எல்லாரும் எட்டிப் பார்க்க, அம்மா துணியை அவிழ்த்தார். செங்கல்! ஒரு பக்கம் கறுத்துப்போன பழஞ்செங்கல்.

"என்ர அண்ணன் தன்ர மகளுக்குக் கல்லையெல்லோ சீதனமாக் குடுத்துவிட்டிருக்கிறார்!" என்றார் அம்மா.

"குளிருக்கு மாமி" என்று நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். "காலுக்கடியில வைக்கிறது. எங்கட வீட்டு நெருப்புக்கூட்டிலயிருந்து எடுத்தது."

கொட்டாஞ்சேனையில் குளிர்! விறாந்தையே அதிர்ந்தது. எல்லாரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். நீயும் கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டாய். அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் நீ செங்கல்லோடு நிற்கவில்லையே. மார்கழி பிறந்ததும் உன் கூத்து தொடங்கிவிடும். அண்ணனின் பழைய காலுறைக்குள் மரத்தூள் அடைத்துக் கதவின் அடியில் பாம்புபோல் நீட்டுவாய். கூதற்காற்று வருகிற யன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் மடித்துச் செருகுவாய். வெயில் எறிக்கிற ஒரு மணித்தியாலத்துக்கு மெத்தையை முற்றத்தில் போட்டு, சூடு ஏறியதும் புத்தகம் மூடுகிறமாதிரி இரண்டாக மடித்துக்கொண்டு உள்ளே ஓடிவருவாய். நனைந்த உடுப்பைப் படுக்கிற அறையில் போட்டால் உனக்குக் கெட்ட கோபம் வரும். சாக்கை வெட்டி, உள்ளே பேப்பர் வைத்துத் தைத்து, அதற்கு மேலே பழைய சேலையைப் போர்த்திப் போர்வை என்பாய். தையல்காரி நான். அதைப் பார்க்கவே எனக்குக் கண் கூசும்.

"மச்சாள், உனக்கு விசர்" என்பேன்.

"சூட்டை விலைக்கு வாங்க எங்களிட்ட எங்க சல்லி? இருக்கிறதை ஓடவிடாமப் பிடிச்சு வைக்கத்தான் ஏலும்" என்பாய். மலையில் தோட்டத்துரை வீட்டுக்கு விறகு வண்டியில் வரும். கிளாக்கர் வீட்டுக்கு அப்படி வராது. அந்த அளவில் நீ பழகிவிட்டாய். அந்தச் சொல்லை நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். நான் ஒருதரம்கூட ஒழுங்காகக் காது கொடுக்கவில்லை.

நீ ஆறு மாதமாயிருக்கையில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. சேமக்காலைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனோம். எங்கள் அப்பாவின் கல்லறை மேட்டுப்பக்கம். திரி கொளுத்திவிட்டுத் திரும்புகிறபோது மழை பிடித்துக்கொண்டது, ஒரு குடைக்குள் ஒதுங்கி நின்றோம். கீழே மதிலோரம் பள்ளமான ஒரு மூலை. சிலுவை ஒன்றும் கிடையாது, திரி ஒன்றும் எரியவில்லை. கணுக்காலளவுக்கு மழைத்தண்ணீர் நின்றது.

"அங்க ஆரை வைக்கிறது?" என்று கேட்டாய்.

ஞானஸ்நானம் பெறாமல் செத்துப்போன பிள்ளைகளை என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், வேறொன்றும் நினைக்கவில்லை. நீ அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாய். "சின்னப் பிள்ளையளை ஈரத்தில போட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்றாய். வீட்டுக்கு வந்ததும் செங்கல்லைச் சுடவைத்துக் காலடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாய்.

அடுத்த மாதம், நாள் வருமுன்னே, நல்ல மழைக்குள் பிள்ளை பிறந்துவிட்டது.

மருத்துவிச்சியக்கா கையில் ஏந்தியபோது, உரித்த அணிற்குஞ்சுபோல் கிடந்தது. அழவில்லை. உதடு நீலம். இது தங்காது என்று அவ கண்ணாலேயே அம்மாவுக்குச் சொன்னா. உடனே ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும். சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொட்டாஞ்சேனை மருத்துவிச்சிகளுக்கு அது கைவந்த வேலை. அவ தண்ணீருக்குத் திரும்ப, கட்டிலிலிருந்து நீ கத்தினாய்: "குளிர்தண்ணி வேணாம்! குளிர்தண்ணி ஊத்தாதீங்க!" நீ ஏற்கெனவே யன்னலெல்லாம் பேப்பர் ஒட்டி வைத்திருந்ததால் பட்டப்பகலில் அறை இருட்டு. மருத்துவிச்சியக்கா பக்கத்து அடுப்பிலிருந்த கேத்தலை எடுத்து, கையில் விட்டுச் சூடு பார்த்து, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே என்று மூன்று தரம் ஊற்றினா. மூன்றாம் தரம் பிள்ளை முனகியது. பெண்பிள்ளை. என் மருமகள்.

டாக்டர் வந்து பார்த்தார். "சூடு குறையாமப் பாருங்க. வேற செய்ய ஒண்டுமில்லை" என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. எங்கள் எவர் முகத்திலும் இல்லை. உன் முகத்தில் மட்டும் வேலை தெரிந்தவளின் களை வந்தது. சூடு குறையாமல் பார்ப்பதுதானே? அது உனக்குத் தெரியுமே!

அண்ணன் துறைமுகத்துத் தேயிலைக் களஞ்சியத்தில் வேலை. ஒரு வெறும் தேயிலைப்பெட்டி கொண்டுவரச் சொன்னாய். பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. ஈரமும் புகாது, காற்றும் புகாது. என் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை அதற்குள் கொட்டினாய். அடியில் செங்கல். சுற்றிவர அண்ணனின் காலுறை போட்ட போத்தல்களில் வெந்நீர். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றாதே, ஒன்று ஆற ஒன்று மாற்று என்று என்னைப் பழக்கினாய். கையை நம்பாதே, அடுப்படியில் காய்த்த கை பொய் சொல்லும், கன்னத்தை வைத்துப் பார் என்றாய். அம்மா வழக்கப்படி தணல்சட்டி கொண்டுவந்து அறைக்குள் வைக்கப் பார்த்தார். நீ பிரசவித்த உடம்போடு கட்டிலை விட்டு எழும்பிவிட்டாய். "கதவு பூட்டின அறைக்குள்ள கரி வேணாம் மாமி! மலையில ஒரு காவல்காரன் குடும்பத்தோட அப்பிடித்தான் போனவன்." மாமியை எதிர்த்து நீ பேசியது அது ஒன்றுதான்.

முலைப்பாலைப் பஞ்சுத்திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். பெட்டிக்குள் முகத்தை விட்டால் பால்மணமும் தேயிலை மணமும். "என்ர தேயிலைக்குட்டி" என்று கூப்பிடுவேன். "பெயரைக் கெடுக்காதை, நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பாக்க வேணும்" என்பாய். மாப்பிள்ளையாம்! அப்படிக் கதைக்கிற அளவுக்கு வந்துவிட்டோம், மச்சாள். அவள் கன்னத்தில் ஒரு கிள்ளுச் சதை வைத்ததை நீ கண்டாய், நானும் கண்டேன். அது கண்மயக்கு இல்லை.

பாலன் பிறக்கும் நத்தாருக்கு முந்தின கிழமை, ஒரு காலையில் அவள் உதடு மறுபடியும் நீலமாயிற்று. மருத்துவிச்சியக்காவைக் கூட்டிவந்தோம். உள்ளங்காலைத் தேய்த்து, கொஞ்சம் தெளிய வைத்தா. மழையில் நனைந்து வந்தவ என்று அம்மா கேத்தலிலிருந்து மல்லித்தண்ணி வார்த்துக் கொடுத்தார். உனக்கென்று தினமும் அவித்து வைக்கிற கொத்தமல்லித் தண்ணீர்.

அவ கேத்தலைப் பார்த்துச் சிரித்தா. "இந்தக் கேத்தலாலதானே நான் அண்டைக்குப் பிள்ளைக்கு ஊத்தினது. இருட்டுக்குள்ள இதுதான் இளஞ்சூடாக் கையில ஆப்பிட்டது."

அம்மாவின் கை அப்படியே நின்றது. "இந்தக் கேத்தலோ? இதில எண்டைக்கும் மல்லித்தண்ணியெல்லோ இருக்கும்!"

ஞானஸ்நானம் தண்ணீரால் கொடுக்கவேண்டும். மல்லித்தண்ணீர் தண்ணீரா?

கோயில் உபதேசியாருக்கு ஆளனுப்பினோம். அந்த நல்ல மனிதர் வந்து, நெற்றியைச் சொறிந்தார். "அது தண்ணியெண்டு எண்ணப்படுமோ இல்லையோ, நான் சொல்ல ஏலாது. ஒருக்கா ஊத்தின பிள்ளைக்கு நாங்களா மறுக்கா ஊத்தவும் ஏலாது, அது பாவம். சுவாமிதான் தீர்க்கவேணும்." பங்குச் சுவாமியோ பாவசங்கீர்த்தனம் கேட்க முகத்துவாரத்துக்குப் போயிருந்தார். பின்னேரம்தான் வருவார், வந்தாலும் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குச் சனம் காத்திருக்கும். நாளைக்குக் காலைப்பூசை முடிய வீட்டுக்கு வருவார், அவசரமென்றால் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவரலாம்.

நாளைக்கு! பிள்ளை நாளைக்கு இருக்குமா?

நீ உபதேசியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "இண்டைக்குப் போயிட்டா, எங்க வைப்பீங்க?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "மதிலோரம்தான் பிள்ளை."

"ஆத்துமா முக்கியம்" என்று அம்மா செபமாலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஆத்துமாவுக்குக் குளிராது அம்மா, பிள்ளைக்குக் குளிரும்!" என்று நான் கத்தினேன். அம்மா என் கன்னத்தில் அறைந்தார். அது எனக்கு வலிக்கவில்லை. நீ சேலையை இறுக்கிக் கட்டியதைப் பார்த்ததுதான் வலித்தது. "போகாதை மச்சாள், இந்த மழைக்குள்ள அவளை வெளிய எடுக்காதை, நீதானே சொன்னனீ" என்று உன் கையைப் பிடித்தேன்.

"குளிர் கொஞ்ச நேரம் மச்சாள்" என்றாய். "அந்த மண் எப்பவும்."

பிடித்த கையை விட்டுவிட்டேன்.

ரிக்‌ஷா பிடித்தோம். அண்ணன் குடையோடு பக்கத்தில் நடந்தார். நீ பிள்ளையைப் பஞ்சோடு அள்ளி மார்பில் வைத்து, சுட்ட செங்கல்லைப் பிளனலில் சுற்றி அவள் காலடியில் அணைத்துக்கொண்டு, மேலே உன் சாக்குப் போர்வையைப் போர்த்தினாய். ரிக்‌ஷாவின் மேல்மூடி ஓட்டை. ஒழுகுகிற பக்கத்தில் என் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன்.

கோயிலில் சுவாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சந்தேகம் என்றால் மறுபடி கொடுத்துவிடுவோம் என்றார். பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் வந்தது. நீ விரல் நுனியை வைத்துப் பார்த்தாய். உடனே எடுத்துவிட்டாய்.

"கொஞ்சம் பொறுங்கோ சுவாமி."

போர்வைக்குள் கைவிட்டு, பிள்ளையின் காலடியிலிருந்த செங்கல்லை எடுத்தாய். அதைக் கோயில் தரையில் வைத்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்தாய். தண்ணீரின் கூதல் போகட்டும் என்று. சுவாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஓட்டில் மழை அடிக்கிற சத்தம். பிறகு அவர் லத்தீனில் செபம் சொல்லி ஊற்றினார். "நீ முன்னமே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று அந்த வாக்கியம் தொடங்குகிறது என்று உபதேசியார் என் காதுக்குள் சொன்னார். என் தேயிலைக்குட்டி அழவில்லை. ஒரு கொட்டாவி விட்டாள்.

திரும்புகிற வழியில் செங்கல்லை மறுபடி அவள் காலடியில் வைத்தாய். அதில் சூடு இல்லை. இருந்தது முழுக்கத் தண்ணீருக்குப் போய்விட்டது. நீ என்னைப் பார்த்தாய். செங்கல்லை என் மடியில் வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றி, அவளை உன் வெறும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டாய். வீடு வரும்வரைக்கும் அவளுக்கு வாயால் ஊதி ஊதிச் சூடு கொடுத்தாய்.

மறுநாள் சுவாமி காலைப்பூசை முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் படியேறுகிறபோது அவள் போய்விட்டாள். பெட்டிக்குள் போத்தல்கள் நல்ல சூடாகவே இருந்தன.

மேட்டில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். உன்னைப் பிள்ளைப்பெற்ற உடம்பென்று விடவில்லை. நான் போய் வந்து முற்றத்தில் கால் கழுவுகிறபோதே யன்னலால் கேட்டாய்: "மேட்டிலதானே?"

"ஓம் மச்சாள், மேட்டிலதான்."

"தண்ணி நிக்காதே?"

"நிக்காது."

அதுவரை அழாமலிருந்தவள் அப்போதுதான் அழுதாய்.

அதற்குப் பிறகு உனக்குக் குளிர் விடவேயில்லை. பங்குனி வெக்கையில் நாங்கள் விசிறியோடு சாகிறபோது நீ சட்டைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு இருப்பாய். அயலில் சிரித்தார்கள். நான் அவர்களோடு சண்டைக்குப் போனேன். இரண்டு வீட்டாரோடு இன்னும் பேச்சில்லை. வேறு பிள்ளை உனக்குத் தங்கவில்லை. அம்மாவை நீ ஒரு சொல் குறை சொல்லவில்லை. நான் சொன்னால் வாயைப் பொத்துவாய். தேயிலைப்பெட்டியில் அண்ணன் பழைய பேப்பர் போட்டுவைத்தார். ஒவ்வொரு மார்கழியும் செங்கல் சுட்டாய். காலடியில் வைப்பதில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அது ஆறும்வரைக்கும் சும்மா இருப்பாய். நான் பக்கத்தில் தைத்துக்கொண்டிருப்பேன்.

இந்த ஐப்பசி மழைக்கு உனக்கு நெஞ்சில் சளி கட்டியது. நாலு போர்வை போட்டும் நடுங்கினாய். சூட்டை ஓடவிடாமல் பிடித்துவைக்க நீ சொல்லித்தந்த அத்தனையும் செய்தேன். பேப்பர் ஒட்டினேன், மரத்தூள் அடைத்தேன், போத்தலை ஒன்றாற ஒன்று மாற்றினேன். ஒன்றும் நிற்கவில்லை. "என்னைப் பிள்ளையோட வையுங்கோ" என்றாய். வைத்தோம்.

இதை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீயே அதற்குள் கிடக்கிறாய், உனக்குத் தெரியாததை நானா சொல்லப்போகிறேன்?

மேட்டில் குழி வெட்டினார்கள். இடுப்பளவு போனதும் தண்ணீர். ஊறி ஊறி வந்தது. வெட்டுகிறவன் தகரத்தால் அள்ளிக் கொட்டினான், அள்ள அள்ள வந்தது. மழைத்தண்ணீரா என்று கேட்டேன். "இல்லை நோனா, இந்தப் பக்கம் எப்பவும் இப்படித்தான்" என்றான் அந்தச் சிங்களக் கிழவன், உடைந்த தமிழில். "மேல பாக்கத்தான் மேடு. கீழே ஊத்து. அந்த மதில் பக்கம்தான் தண்ணி சும்மா மேல நிக்கிறது, வெயில் வந்தா காயும்."

அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். நாங்கள் இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. உன்னை இறக்கினபோது பெட்டி தண்ணீரில் தட்டிய சத்தம் கேட்டது.

எனக்குக் கோபம் வருகிறது மச்சாள். அம்மாமேலா, அந்தக் கேத்தல்மேலா, மருத்துவிச்சிமேலா, மழைமேலா, ஆண்டவர்மேலா என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒருவர்மேல் வருகிறது. நீ அவளைத் தேயிலைப்பெட்டியை விட்டு எடுத்தது காய்ந்த மண்ணுக்காக. காய்ந்த மண் அங்கே இருக்கவேயில்லை. இரண்டு தண்ணீரில் எந்தத் தண்ணீர் மேலே எண்ணப்பட்டது என்று செத்தால்தான் தெரியும். செத்தாலும் தெரியுமோ என்னவோ, நீ ஒன்றும் வந்து சொல்லக் காணோம்.

அம்மா அன்று சேமக்காலைக்கு வரவில்லை, நடக்க ஏலாதே. அண்ணன் சொல்லமாட்டார். நானும் சொல்லவில்லை. கருகின மூலையை உள்ளுக்கு மடித்து, செங்கல்லைக் கொண்டுபோய் அம்மாவின் போர்வைக்குள் வைத்தேன். கன்னத்தை வைத்துச் சூடு பார்த்துத்தான் வைத்தேன். அம்மா போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டார். பிறகு, தினமும் கேட்கிறதையே கேட்டார்.

"அவளையும் மேட்டிலதானேயடி வைச்சனீங்கள்? பிள்ளைக்குப் பக்கத்தில? தண்ணி நிக்காதே?"

"நிக்காது அம்மா" என்றேன். "நல்ல காய்ஞ்ச இடம். காலை நீட்டுங்கோ."